பளபளத்த பதினொரு கம்பிகள்

"என் அண்ணன் திடீர்னு நல்லவராயிட்டாரு. என்ன காரணம்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாள் இதைச் சொன்ன சத்தத்தில் கீழே தையல் கடையில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவரே ஒரு நொடி காலை நிறுத்திவிட்டார். மூன்று டேங்கர் லாரிகளுக்குச் சொந்தக்காரி. முதல் லாரியை, புருஷன் போன பிறகு, அவளே ஓட்டியவள். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, ரகசியம் சொன்னாலும் தெருவுக்குக் கேட்கும் குரல். ஊரில் அவளுக்கு லாரிக்காரம்மா என்று பெயர்.

"காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுத்தாம்மா எங்களுக்குப் பழக்கம். புதுசா வந்ததைக் கண்டுபிடிக்கணும்னா ரேட் வேற" என்றான் கொழுந்தன்.

"தம்பி, நீ வாயை மூடு" என்றாள் அண்ணி.

மாடிப்படி அருகே தொங்கிய பலகையில் 'துப்பறியும் நிலையம்' என்று எழுதியிருந்தாலும் ஊரில் எல்லோருக்கும் அது அண்ணி ஆபீஸ்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வருஷக்கணக்காகப் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவள் அண்ணி. தானாகவே தீப்பிடித்த கடைகள், தானாகவே நடந்துபோன நகைகள் என்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த் தனிக்கடை போட்டாள். கணவன் கப்பலில் எஞ்சினியர். போகும்போது, "என் தம்பியைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அந்தத் தம்பிதான் உதவியாளன். ஸ்கூட்டர் ஓட்டுவது, டீ வாங்கி வருவது, வாயை மூடாமல் இருப்பது என்று அவனுக்கு மூன்று வேலைகள். முதல் இரண்டையும் சுமாராகச் செய்வான்.

"விவரமாச் சொல்லுங்க" என்றாள் அண்ணி.

லாரிக்காரம்மா சொன்னாள். போன வருஷம் அப்பா இறந்துவிட்டார். அவர் விட்டுப்போனது இரண்டு சொத்து. ஒன்று, கடைத்தெருவில் மாடி வீடு, கீழே வாடகைக்கு விட்ட ஐந்து கடைகள். இன்னொன்று, ஊருக்கு வெளியே பன்னிரண்டு எண்ணெய்க் கிணறுகள். அப்பா வாலிபத்தில் தோண்டியவை. இப்போது ஒன்றுதான் ஒழுங்காக ஓடுகிறது. மற்ற பதினொன்றும் வருஷத்தில் இரண்டு மூன்று நாள் ஓடினால் பெரிது என்பது அண்ணன் கணக்கு.

"அண்ணன் என்ன சொல்றாருன்னா, வீட்டை நான் வெச்சுக்கறேன், பன்னிரண்டு கிணத்தையும் நீயே எடுத்துக்கோங்கறாரு. எண்ணெய் விலை ஏறிக் கிடக்கு, பழைய கிணத்தையெல்லாம் எல்லாரும் மறுபடி ஓட்டறாங்க, கிணத்துக்கு ஒரு பெல்ட்டு, ஒரு மோட்டார், நாலு டப்பா கிரீஸ் போட்டாப் போதும், நீ ராணி மாதிரி இருப்பேங்கறாரு. ரெண்டு லாரியை வித்தா அந்தச் செலவுக்குச் சரியா இருக்கும். நாளைக்குக் காலையில பதிவு ஆபீஸ்ல கையெழுத்து. சாயங்காலம் லாரி வாங்கற பார்ட்டி வருது."

"அண்ணன் எப்படிப்பட்டவர்?"

"எச்சில் கையால காக்கா ஓட்ட மாட்டாரு. என் கல்யாணத்துக்கு ஒரு சுவர்க்கடிகாரம் குடுத்தாரு. உள்ளே பேட்டரி இல்ல. அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து, கடிகாரம் ஓடலையே, பார்த்து வெச்சுக்கக் கூடாதான்னு என்னையே திட்டினாரு."

கொழுந்தன் அந்த அண்ணனை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

லாரிக்காரம்மாவின் குரல் முதல்முறையாக இறங்கியது. "அவரு நிஜமாவே நல்லவராயிட்டா எனக்கு சந்தோஷம்தாங்க. அப்பா போனப்புறம் எனக்குன்னு இருக்கறது அவரு ஒருத்தர்தான். ஆனா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

அவள் போன பிறகு கொழுந்தன் சொன்னான்: "தானமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்பாங்க அண்ணி."

"மாட்டுக்குத்தானே சொன்னாங்க? கிணத்துக்குப் பல்லு கிடையாது. எட்டிப் பார்க்கலாம். வண்டியை எடு."

*

எண்ணெய்க் கிணறு என்றால் கொழுந்தன் மனதில் கறுப்பு நீரூற்றும் கோடீஸ்வரர்களும் இருந்தார்கள். வந்து பார்த்தால், முள்செடி மண்டிய மைதானத்தில் பன்னிரண்டு இரும்புத் தலையாட்டிகள் நின்றன. ஒரு முனையில் மோட்டார், மறுமுனையில் குதிரைத் தலை மாதிரி ஒரு பெரிய இரும்பு. அந்தத் தலையிலிருந்து ஒரு எஃகுக் கம்பி தொங்கி, கிணற்று வாயில் உள்ள பித்தளை மூடியின் ஓட்டைக்குள் இறங்குகிறது. தலை ஆட ஆட, கம்பி ஏறி இறங்க, ஆழத்தில் இருக்கும் பம்ப் எண்ணெயை மேலே தள்ளுகிறது. ஒன்றாம் நம்பர் மட்டும் கீச் கீச்சென்று ஆடிக்கொண்டிருந்தது. மற்ற பதினொன்றும் விறைத்து நின்றன.

தகரக் கொட்டகை நிழலில் பம்ப்காரர் படுத்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

"தங்கச்சியம்மா அனுப்பினாங்க" என்றாள் அண்ணி. "இந்தப் பதினொண்ணும் ஓடுதா?"

"முதலாளி சொல்றபடி பார்த்தா, வருஷத்துல ரெண்டு மூணு நாள் ஓடுது."

"நீங்க சொல்றபடி பார்த்தா?"

"நான் சம்பளம் வாங்கறவன்ங்க. எனக்குச் சொந்தமாச் சொல்றதுக்கு எதுவும் கிடையாது."

"சரி, மறுபடி ஓட வைக்கணும்னா ஒரு பெல்ட்டு, ஒரு மோட்டார், நாலு டப்பா கிரீஸ் போதுமா?"

பம்ப்காரர் சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. "மோட்டாரைப் போட்டா மேல தலை ஆடும்ங்க. அடியில இருக்கறதும் ஆடணும்ல? இத்தனை வருஷத்துல குழாய் பூரா மெழுகு அடைச்சிருக்கும். கம்பியைத் துரு தின்னிருக்கும். ரிக் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, கம்பி, குழாய் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா மேல உருவணும். அதுக்கு நாள் வாடகை. உருவும்போது பாதியில அறுந்துச்சுன்னு வைங்க, கொக்கி விட்டு மீன் பிடிக்கிற மாதிரி துழாவிக்கிட்டுக் கிடக்கணும். மீன் மாட்டுதோ இல்லையோ, வாடகை மீட்டர் ஓடும். அப்புறம் புதுக் குழாய், புதுப் பம்பு, கரண்டு லைன். இவ்வளவும் பண்ணி என்ன வரும்? ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஒன்பது பீப்பாய் உப்புத்தண்ணி வரும்."

"எங்க பால்காரரே தேவலாம் போலிருக்கே" என்றான் கொழுந்தன்.

"அந்தத் தண்ணியை இங்கேயே கொட்டினா ஒரு புல்லு முளைக்காது. டேங்கர் லாரியில ஏத்தி, அதுக்குன்னு உள்ள இடத்துல காசு கட்டி இறக்கிட்டு வரணும்."

"டேங்கர் லாரியை வித்துக் கிணத்தை ஓட வெச்சிட்டு, தண்ணியைச் சுமக்க வாடகை டேங்கர் பிடிக்கணும்" என்றாள் அண்ணி. "நல்ல யோசனை."

மைதானத்தின் ஓரத்தில் ஒரு சிமென்ட் மேடை இருந்தது. அதன்மேல் பதின்மூன்று என்று எண் பொறித்த தகடு.

"அது என்ன?"

"அது பதிமூணாம் நம்பர். பெரியவர் இருந்தப்பவே மூடியாச்சு. அதை மூடின மாசம் பூரா அவருக்குச் சாப்பாடு இறங்கல."

"பாவம், அவ்வளவு துக்கமா?" என்றான் கொழுந்தன்.

"துக்கம் இல்லைங்க. பில்லு."

கொழுந்தன் அதற்குள் கிணறு கிணறாக ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் தலைகால் புரியாமல் திரும்பி வந்தான். "அண்ணி! ஓடாத கிணறுன்னா கம்பி துருப்பிடிச்சிருக்கணும்ல? பதினொரு கம்பியும் கண்ணாடி மாதிரி பளபளங்குது. அப்படின்னா எல்லாம் அப்பப்ப ஓடுது. அண்ணன் நல்லவர்தான். கேஸ் முடிஞ்சது, டீ குடிக்கப் போலாம்."

அண்ணி இரண்டாம் நம்பர் முன்னால் போய் நின்றாள். கம்பியைக் கீழிருந்து மேல்வரை பார்த்தாள். பிறகு ஒன்றாம் நம்பருக்கு நடந்து, அது ஆடுவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள். மறுபடி இரண்டாம் நம்பருக்கு வந்தாள்.

"தம்பி, நம்ம வீட்டு மாடிப்படிக் கைப்பிடி எந்த இடத்துல பளபளங்குது?"

"கை படற இடத்துல."

"ஒண்ணாம் நம்பர் கம்பியைப் பாரு. மூடிக்குள்ள போய் உரசிட்டு வர்ற வரைக்கும்தான் மினுங்குது. முழுசா இறங்கினாக்கூட மேல ஒரு முழம் வெளியிலேயே நிக்குது. அந்த ஒரு முழம் எப்படி இருக்கு?"

"கறுப்பா, பிசுக்குப் பிடிச்சு."

"இப்ப ரெண்டாம் நம்பர்."

கொழுந்தன் அண்ணாந்து பார்த்தான். அதில் கறுப்பு முழமே இல்லை. மேலே கம்பியைக் கவ்விப் பிடித்திருந்த இரும்புப் பிடிவரை, இண்டு இடுக்கு விடாமல் பளபளப்பு. மூன்றாம் நம்பரும் அப்படித்தான், நான்காம் நம்பரும் அப்படித்தான்.

"உரசாத இடமும் மினுங்குதுன்னா... யாரோ உட்கார்ந்து தேய்ச்சிருக்காங்க!"

"ரொம்ப மெனக்கெட்டுத் தேய்ச்சிருக்காங்க. அதுதான் தப்பாப் போச்சு."

பித்தளை மூடியைச் சுற்றி மாவு மாதிரி சிவந்த துருப்பொடி சிதறிக் கிடந்தது. அண்ணி அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு பம்ப்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

"நான் இல்லைங்க! நான் கிரீஸ் போடறவன். ஒண்ணாம் நம்பருக்கே நாலு தடவை சொன்னாத்தான் போடுவேன். பதினொரு கம்பியை உட்கார்ந்து தேய்க்கற ஆளா நான்? அதுவும் போன வாரம் நான் இங்க இல்லவே இல்ல. முதலாளி லீவு குடுத்து அனுப்பிட்டாரு."

"சம்பளத்தோடவா?"

"சம்பளத்தோடதான்."

அண்ணியும் கொழுந்தனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேட்டரி இல்லாத கடிகாரத்தைப் பரிசு கொடுத்த மனுஷன் சம்பளத்தோடு லீவு கொடுத்திருக்கிறார். குற்றம் நடந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

"லீவு முடிஞ்சு வந்த பிறகு வேற யாராச்சும் வந்தாங்களா?"

"நேத்து கிணத்து ஆபீசர் ஜீப்புல வந்தாரு. கிணறு கைமாறுதுன்னா அவரு வந்து பார்த்து ஒப்புதல் குடுக்கணும். இறங்கல. உட்கார்ந்தபடியே எல்லாக் கம்பியையும் பார்த்து, சரி சரின்னு தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு. எங்க மிஷினைவிட நல்லா ஆட்டினாரு."

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது கொழுந்தன் கேட்டான்: "செத்த கிணத்தை உயிரோட இருக்கற மாதிரி காட்டித் தங்கச்சி தலையில கட்டப் பார்க்கறாரு. அவ்வளவுதானே?"

"விலைக்கு விக்கறவன் பாலிஷ் போடுவான், சரி. இவரு இனாமாக் குடுக்கறாரு. அந்தம்மாவுக்கு இந்தக் கம்பியும் ஒண்ணுதான், ஜன்னல் கம்பியும் ஒண்ணுதான். பார்க்காத ஆளுக்கு, இனாமாக் குடுக்கற பொருளை, எதுக்குத் தம்பி இப்படிப் பாலிஷ் போடணும்?"

கொழுந்தன் வண்டியைக் கடைத்தெருப் பக்கம் திருப்பினான். அதிசயமாக, கேலி எதுவும் பண்ணாமல்.

*

லாரிக்காரம்மாவின் அண்ணனுக்கு ஊரில் கிணற்றுக்காரர் என்று பெயர். அவர் இவர்களை வீட்டு வாசலிலேயே வரவேற்றார். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, ஓயாத புன்னகை. விருந்தாளிகள் உட்கார்ந்த பிறகுதான் மின்விசிறியைப் போட்டார், அதையும் ஒன்றில் வைத்தார். மூன்று பேருக்கு இரண்டு டம்ளர் டீ வந்தது. கொழுந்தன் தனக்கு வேண்டாம் என்று சொல்லும்வரை காத்திருந்து, "அட, சாப்பிடுங்க தம்பி" என்று அன்பாக உபசரித்தார்.

"தங்கச்சிக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன் அண்ணி?" ஊரே அப்படிக் கூப்பிடுவதால் அவரும் அப்படியே கூப்பிட்டார். "எங்கப்பா ரத்தத்தை வேர்வையாக்கித் தோண்டின கிணறு. அதை அவ கையில ஒப்படைக்கிறேன். எனக்கு இந்த ஓட்டை வீடு போதும்."

ஐந்து கடை வாடகை வரும் ஓட்டை வீட்டை அண்ணி சுற்றிப் பார்த்தாள். கிணற்றுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் கண்ணீர் நிஜமாகவே வந்தது, அந்த மட்டில் திறமைசாலி.

"கிணத்துப் பக்கம் கடைசியா எப்பப் போனீங்க?"

"ரெண்டு வருஷமாச்சு. முழங்கால் விடமாட்டேங்குது. எல்லாம் பம்ப்காரர்தான் பார்த்துக்கறாரு. அப்பாவைப் பார்க்கறீங்களா? அவரு போட்டோ இதுல இருக்கு."

கைபேசியை எடுத்துப் பெருவிரலை வைத்தார். திறக்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அடுத்த விரலையும் வைத்துப் பார்த்தார். "இதுவும் பழசாயிடுச்சு, புதுசு வாங்கணும்னா யானை விலை" என்று முனகிக்கொண்டே எண்களைத் தட்டித் திறந்தார். படத்தில் அப்பா சிமென்ட் மேடை ஒன்றின் பக்கத்தில் கடுகடுவென்று நின்றிருந்தார்.

தெருவுக்கு வந்ததும் கொழுந்தன் சொன்னான்: "பந்தயம் அண்ணி. பம்ப்காரர் நடிக்கிறாரு. தேய்ச்சது அவருதான்."

"நாளைக்குப் பதிவு ஆபீஸ்ல கையெழுத்து மட்டும்தானா?"

"அந்தக் காலம்லாம் போச்சு. இப்ப மிஷின்ல பெருவிரல் வைக்கணும். மிஷின் ஆமான்னு சொன்னாத்தான் பத்திரம் செல்லும்."

அண்ணி தெருவைக் கடந்தாள். எதிரே இருந்த இரும்புக் கடைக்குள் போய், துருவைத் தேய்க்கும் உப்புத்தாள் ஒன்று வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

*

பதிவு அலுவலகத்தில் கல்யாண வீட்டுக் கூட்டம். நிலம் வாங்குபவர்கள் சிரித்தார்கள், விற்பவர்கள் சிரிக்கவில்லை. பதிவாளர் அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, பெயரைக் கூப்பிடுவதும் பத்திரத்தைப் புரட்டுவதுமாக இருந்தாள்.

லாரிக்காரம்மா தனக்குத் தெரிந்த ரகசியக் குரலில் கேட்டாள்: "என்ன அண்ணி, கையெழுத்துப் போடலாமா?" வரிசையில் இருந்த பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"முதல்ல அண்ணன் விரலை வைக்கட்டும். அப்புறம் நீங்க."

கிணற்றுக்காரர் புன்னகையோடு வந்தார். வலது பெருவிரலைக் கண்ணாடியில் வைத்தார். மிஷின் சிவப்பு விளக்கு காட்டிப் பீப் என்றது.

"நல்லா அழுத்துங்க" என்றாள் பதிவாளர்.

அழுத்தினார். பீப்.

"இடது கை."

பீப். பதிவாளர் கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்தாள். அவர் விரலையும் துடைக்கச் சொன்னாள். ஒவ்வொரு விரலாகப் பத்தையும் வைத்துப் பார்த்தார். பத்துக்கும் பீப். கடைசியில் பதிவாளர் எழுந்து, அவர் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"என்ன சார் இது? உங்களுக்கு ரேகையே இல்லையே!"

"உங்களை நம்பின கைரேகை ஜோசியருக்குப் பட்டினிதான்" என்றான் கொழுந்தன்.

"தோட்ட வேலைம்மா..." என்று ஆரம்பித்தார் கிணற்றுக்காரர்.

அண்ணி கைப்பையைத் திறந்து உப்புத்தாளை மேஜைமேல் வைத்தாள். அதைப் பார்த்ததும் கிணற்றுக்காரரின் புன்னகை முதல்முறையாகக் காணாமல் போனது.

"பதினொரு கம்பி. ஒரு வாரம். கையுறைகூட வாங்கிக்கலையே சார். அதுவும் செலவுதானேன்னு விட்டுட்டீங்களா?"

கொழுந்தன் வாயைப் பிளந்தான். "நீங்களா தேய்ச்சீங்க? நீங்களே உட்கார்ந்தா? முழங்காலோடவா?"

"ஆள் வெச்சா நாலு பேருக்கு விஷயம் தெரிஞ்சு போயிடும்ல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, கிணற்றுக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கூலியும் மிச்சம்" என்றாள் லாரிக்காரம்மா. அவளுக்கு இன்னும் முழுசாக விளங்கவில்லை. ஆனால் அண்ணனைத் தெரியும். "எதுக்கு அண்ணே தேய்ச்சே?"

அவர் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அண்ணி பேசினாள்.

"அவருக்கு ஒரு கஷ்டமும் வேண்டாம். நான் ஒரே ஒரு கேள்வி கேக்கறேன், எப்படிப் பதில் சொன்னாலும் சரி. அந்தப் பதினொரு கிணறும் ஓடுதா, ஓடலையா?"

"ஓ... ஓடுது. அப்பப்ப ஓடுது."

"நல்லது. அப்பா போனதுலேர்ந்து பதினொரு கிணத்துலயும் எண்ணெய் வந்திருக்கு. அதை வித்த பணத்துல தங்கச்சிக்குப் பாதி வரணும். அது எங்கே?"

"ஐயோ, அதுல ஒரு சொட்டு வரல! அதெல்லாம் ஓடியே பல வருஷம்..." என்றவர் பாதியில் நின்றார்.

"ஓடலைன்னா இன்னும் நல்லது. வருஷக்கணக்கா நின்ன கிணறு செத்த கிணறு. செத்த கிணத்தை அடிவரைக்கும் சிமென்ட் இறக்கி மூடணும். கிணறு யார் பேர்ல இருக்கோ செலவு அவங்க தலையில. உங்கப்பா ஒரே ஒரு கிணத்தை மூடிட்டு ஒரு மாசம் சாப்பிடலையாம். இங்க பதினொண்ணு இருக்கு."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கிணற்றுக்காரர் தேள் கொட்டிய திருடனைப் போல நின்றார்.

"அதுக்குத்தான் பாலிஷா!" கொழுந்தனுக்கு இப்போதுதான் பல்ப் எரிந்தது. "தங்கச்சிக்குக் காட்டறதுக்கு இல்ல. ஜீப்புல வந்த ஆபீசருக்கு!"

"ஆமா. செத்த கிணறுன்னு அவரு சொல்லிட்டா, இவரு மூடிட்டுத்தான் கை கழுவ முடியும். உயிரோட இருக்குன்னு சொல்லிட்டா யாருக்கு வேணும்னாலும் மாத்திக் குடுக்கலாம். ஒரே ஒரு நாள், ஜீப்பு போற வரைக்கும், கம்பி மினுங்கினாப் போதும்." அண்ணி லாரிக்காரம்மா பக்கம் திரும்பினாள். இதைச் சொல்ல அவளுக்கே கஷ்டமாக இருந்தது. "நேத்தே சொல்லியிருக்கலாம். நீங்க நம்பியிருக்க மாட்டீங்க. ரெண்டு லாரியை வித்து அந்தக் கிணத்துக்கெல்லாம் வைத்தியம் பார்த்திருப்பீங்க, பிழைச்சிருக்காது. அப்புறம் மூணாவது லாரியையும் வித்து அடக்கம் பண்ணியிருப்பீங்க. அவரு உங்களுக்குக் குடுக்க வந்தது சொத்து இல்லம்மா. பதினொரு சாவு."

பதிவாளர் அம்மாள் அடுத்த பெயரைக் கூப்பிட மறந்து உட்கார்ந்திருந்தாள். வரிசையில் நின்றவர்களுக்கும் தங்கள் நிலம், வீடு எல்லாம் மறந்துபோயிருந்தது.

லாரிக்காரம்மா கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. அண்ணனின் கையை எடுத்து விரல்களைப் பார்த்தாள். தோல் உரிந்து, சிவந்து, இரண்டு இடத்தில் புண்ணாகியிருந்தது.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே பாதி போட்டிருப்பேனே அண்ணே. அப்பா விட்டுட்டுப் போன செலவு, ரெண்டு பேருக்கும்தானே? ஒரு லாரியை வித்தாவது குடுத்திருப்பேன்." அவள் குரல் உடைந்தது. "உனக்கு என்னைத் தெரியாதா?"

கிணற்றுக்காரருக்கு மறுபடி கண்ணில் நீர் வந்தது. நேற்று வந்ததைவிட இது அசிங்கமாக, மூக்கோடு சேர்ந்து வந்தது. அதனால் அண்ணி அதை நம்பினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் மெதுவாகக் கேட்டார்:

"இப்ப... கேட்டா?"

கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

லாரிக்காரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரல் பழையபடி ஏறியது. "இப்பக் கேட்டா, வீட்டுல பாதி, கடை வாடகையில பாதி, ஓடற கிணத்துல பாதி, மூடற செலவுல பாதி. எல்லாத்துலயும் சரிபாதி. ஒத்துக்கிட்டா நான் உன் தங்கச்சி. இல்லேன்னா வெறும் லாரிக்காரி. லாரிக்காரி எப்படிப் பேசுவான்னு ரோட்டுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு."

"வாடகையிலயுமா?"

"வாடகையிலயும்தான்."

கிணற்றுக்காரர் கண்ணை மூடினார். உள்ளே ஐந்து கடைகளும் ஒவ்வொன்றாகப் பாதியாவது முகத்தில் தெரிந்தது. பிறகு தலையை ஆட்டினார். யாரும் சொல்லாமலே நேராக மிஷின் பக்கம் போய்ப் பெருவிரலை வைத்தார். பிறந்ததிலிருந்து அவர் மனதார வைத்த கைநாட்டு அநேகமாக அது ஒன்றுதான்.

பீப்.

"ரேகை வளர்ந்ததும் வாங்க சார்" என்றாள் பதிவாளர். "புதுப் பத்திரத்தோட வாங்க. அதுவரைக்கும் துணி துவைக்காதீங்க, பாத்திரம் தேய்க்காதீங்க. கம்பியைத் தொடவே தொடாதீங்க."

வெளியே வெயில் கொளுத்தியது. லாரிக்காரம்மா டேங்கரில் சாய்ந்துகொண்டு கைபேசியில் யாரிடமோ பேசினாள். "வண்டி விக்கறதுக்கு இல்லைங்க. ஆமா, ரெண்டும்தான். மூணாவதும் இல்ல. எவ்வளவு குடுத்தாலும் இல்ல." அதைச் சொல்லி முடித்தபோது அவள் உள்ளங்கை லாரியின் கதவைத் தடவிக்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரத்தில் கிணற்றுக்காரர் பேருந்து வரும் திசையைப் பார்த்து நின்றிருந்தார். எரிகிற விரல்களை ஊதிக்கொண்டிருந்தார். லாரிக்காரம்மா ஓட்டுநர் இருக்கையில் ஏறி, எஞ்சினைக் கிளப்பி, மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறு அண்ணே, வீட்டுல விடறேன்."

அவர் முகம் மலர்ந்தது. ஒரு காலைப் படியில் வைத்தவர், பழக்க தோஷத்தில் கேட்டார்: "சும்மாதானே?"

"டீசல்ல பாதி" என்றாள் தங்கை.